கட்டிலைப் பார்த்த கண்ணாடி

அத்தியாயம் 14

மோக் வீட்டில் மூன்று நாளாகச் சண்டையே இல்லை. கிட்-வாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு புழங்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால், யாரோ எதையோ சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வீட்டில் விழுங்கிக்கொண்டிருந்தவள் கிட்-வாவேதான். போன ஞாயிற்றுக்கிழமை பூச்சந்தையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவள் பார்த்த காட்சி இன்னும் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த மகன் சுங்-யின், ஆர்கிட் கடை வாசலில் ஒரு பெண்ணோடு நின்றிருந்தான். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பொறுமையாக எடுத்துவிட்டு அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் பேசிக்கொண்டே தின்றான்.

கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூட ஏதோ ஆபீஸ் சிநேகிதம் என்று கிட்-வா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். சுங்-யினுக்கு நார் இருந்தால் சுளை இறங்காது. மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். இந்தச் சங்கதி உலகத்தில் இரண்டே பெண்களுக்குத்தான் தெரியும், பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மூன்றாவதாக ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேரே கோயிலடிக்குப் போய், மனை பார்க்கும் யிப் முன்னால் உட்கார்ந்தாள். ஃபெங் சுய்யில் அந்த வட்டாரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். யிப் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கட்டிலுக்கு எதிர்ல கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. அலமாரிக் கதவு முழுக்கக் கண்ணாடி."

"கட்டில்ல ரெண்டு பேரு படுத்தா கண்ணாடிக்குள்ள இன்னும் ரெண்டு பேரு. வெளி ஆளை நீங்களே படுக்கையறைக்குள்ள கூப்பிட்டு வச்சிருக்கீங்க. அப்புறம் வந்துட்டா வந்துட்டான்னு எங்கிட்ட வந்து அழுவறீங்க."

"நான் அழலியே."

"அழுவீங்க. புதன்கிழமை நல்ல நாள். கழட்டிடுங்க."

இன்றைக்குப் புதன்கிழமை.

காலையில் குன் யாம் அம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றிய கையோடு கிட்-வா சமையலறைக் காலண்டரைப் பார்த்தாள். 'அகற்ற, பழுதுபார்க்க உகந்த நாள்' என்று போட்டிருந்தது. யிப் சொன்னது சரிதான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கருத்தேவதை இன்று வீட்டில் எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று சொல்லும் வரி அது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது. தனக்கு அதில் என்ன வேலை என்று கிட்-வா படிக்காமலே திரும்பிவிட்டாள்.

மருமகள் ஹோய்-லாம் வேலைக்குப் புறப்பட்டு வந்து உட்கார்ந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுக்கு. முகம் வெளுத்திருந்தது. கிட்-வா பார்லி போட்ட இனிப்புக் கஞ்சியை அவள் முன்னால் வைத்தாள். ஹோய்-லாம் கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளினாள்.

"ஒரு வாயாச்சும் குடியேன்மா."

"வேணாம் அத்தே. வயித்துக்கு ஒத்துக்கல."

"நேத்து நண்டு ஒத்துக்கல. முந்தாநாள் மூலிகைத் தண்ணி ஒத்துக்கல. என் கையால செஞ்சா எதுவுமே ஒத்துக்காது, அதானே?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லி வேற காட்டணுமா?"

சுங்-யின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அறையிலிருந்து வந்தான். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கும் கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். அவன் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. தினமும் ஐந்து மாடி ஏறி இறங்குகிறான். கைபேசியைத் திரை மேஜையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தான்.

"சுங்-யின், அந்த அலமாரிக் கண்ணாடியை எடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றாள் கிட்-வா, உப்புக் குறைந்ததைச் சொல்வதுபோல.

"எடுத்தா எடும்மா. எனக்கென்ன."

"வேணாம்" என்றாள் ஹோய்-லாம்.

"ஏன் வேணாம்? கல்யாணமாகி வந்ததிலேருந்து தலையால அடிச்சுக்கறேன். கட்டிலைப் பாத்தாப்ல கண்ணாடி வைக்காதே, வைக்காதேன்னு. நீதான் அறை பெருசாத் தெரியும், அழகா இருக்கும்னு சொன்னே."

"அழகுக்காகச் சொல்லல. அந்த ரூம்ல ஒரு துரும்பைக்கூட இப்ப யாரும் நகட்ட வேணாம்னு சொல்றேன். துணி வேணா போட்டு மூடிக்கறேன்."

"துணி போட்டா சரியாயிடுமா?"

"அத்தே, கையெடுத்துக் கும்பிடறேன். அந்த ரூமை விட்டுடுங்க."

சுங்-யின் சிரித்தான். "ஒரு கதவுக்கு என்னடா இது, ரெண்டு பேரும் சொத்துத் தகராறு மாதிரி." கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவிடம் வருகிறேன் என்றான். மனைவியின் பக்கம் தலையை மட்டும் ஆட்டினான். அப்படி ஒரு தலையாட்டலைக் கிட்-வா முன்பே பார்த்திருக்கிறாள்.

அவளுடைய புருஷன் மோக் கண்டெய்னர் லாரி ஓட்டியவன். எல்லை தாண்டி டொங்குவானுக்குச் சரக்கு கொண்டுபோவான். தொண்ணூறுகளில் அந்த வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு இருந்தது. மோக்குக்கும் இருந்தது. கிட்-வாவின் மாமியார் ஒரு நாள் மனை பார்ப்பவரைக் கூட்டிவந்து, கிட்-வாவின் சீதன மேஜையில் இருந்த கண்ணாடியைச் சிவப்புத் தாளில் சுற்றி எடுத்துப் போகச் சொன்னாள். கொஞ்ச காலத்தில் மோக் திரும்பி வந்தான். சாகும்வரை இந்த வீட்டில்தான் இருந்தான். கண்ணாடி போனது, மனுஷன் வந்தான். கிட்-வாவுக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

இந்தத் தடவையும் அப்படியே முடித்துவிட வேண்டும். ஹோய்-லாமுக்கு எதுவும் தெரிவதற்குள் கண்ணாடி போய்விட வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டால் இந்த வீடு இரண்டாகிவிடும். அந்தக் காலத்துப் பெண்ணில்லை அவள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மருமகள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கிட்-வா கீழே போய், தெருமுனையில் தச்சுக் கடை வைத்திருக்கும் ஆ-பியூவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து மாடி ஏறி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மோக் அண்ணி, உம் மகன்கிட்டச் சொல்லி இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் வைக்கச் சொல்லக் கூடாதா?"

"அவன் ஊரான் வீட்டு லிஃப்டைப் பாக்கவே நேரம் போதலப்பா. நீ கதவைப் பாரு."

ஆ-பியூ அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "முதல்ல ஒரு கேள்வி. வீட்ல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?"

"இருந்தா உன்னை ஏன்ப்பா கூப்பிடப்போறேன்?"

"கேக்கறது என் வழக்கம் அண்ணி. கருத்தேவதை இருக்கற இடத்தை நகட்டினாலோ தட்டினாலோ கருவுக்கு ஆகாதே. போன வருஷம் ஒரு வீட்ல சொல்லாம விட்டுட்டாங்க. நான் படுக்கையறையில ஒரே ஒரு ஆணி அடிச்சேன். பிள்ளை நல்லபடியாத்தான் பொறந்துச்சு. காதுல ஒரு சின்னக் குழி. அவ்ளோதான். அந்தம்மா இன்னிக்கும் என்னைத் தெருவுல கண்டா எதிர்ப்பக்கம் போயிடறாங்க."

"எங்க வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை எங்க இருக்கு? வந்தது ஒண்ணும் தங்காமப் போச்சு. ஆச்சு, ரெண்டு வருஷம். நீ வேலையை ஆரம்பி."

"சத்தியமா இல்லையே?"

"குன் யாம் சத்தியமா இல்லப்பா!"

ஆ-பியூ உள்ளே போனான். கதவு சுலபமாகக் கழலும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கீழ்த் தண்டவாளம் துருப்பிடித்துச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. கதவை வெளியே சாய்த்து எடுக்கக் கட்டில் இடம் விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிலை இழுத்தார்கள். அடியில் திணித்திருந்த குளிர்காலப் போர்வை மூட்டைகளோடு அது முனகிக்கொண்டே நகர்ந்து, கோணலாக ஜன்னல் சுவரில் முட்டி நின்றது.

"போதும் அண்ணி, இதுக்கு மேல போகாது. சுத்தியால தட்டித்தான் எடுக்கணும்."

"தட்டு. சீக்கிரம் தட்டு."

சுத்தியல் சத்தம் அந்தச் சின்ன அறையில் காதைப் பிளந்தது. கண்ணாடியில் கிட்-வாவின் உருவம் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கியது. அவள் மனதுக்குள் அந்த ஆரஞ்சுக்காரியைப் பார்த்துப் போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துச் சக்கரம் விடுபட்டுக் கதவு முன்னால் சரிந்தது.

"நிறுத்துங்க!"

வாசலில் ஹோய்-லாம் நின்றிருந்தாள். வேலைக்குப் போனவள் மத்தியானத்துக்கு முன்னாலேயே திரும்பியிருக்கிறாள். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. அவள் சரிந்த கதவைப் பார்க்கவில்லை. கோணலாக நின்ற கட்டிலைப் பார்த்தாள். அப்புறம் ஆ-பியூவின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். இரண்டு கைகளும் தாமாகப் போய் அடிவயிற்றை மூடிக்கொண்டன.

கிட்-வாவுக்கு முன்னால் ஆ-பியூவுக்குப் புரிந்துவிட்டது. சுத்தியலை அடுப்பிலிருந்து எடுத்ததுபோலக் கீழே போட்டான்.

"அண்ணி, நான் கேட்டேனே! வாசல்ல நின்னு கேட்டேனே!"

"என்னப்பா கேட்டே?"

"சத்தியம் வேற பண்ணினீங்களே!" அவன் ஹோய்-லாமைப் பார்த்துக் கும்பிட்டான். "தங்கச்சி, எனக்குத் தெரியாதும்மா. என் பேர்ல தப்பு இல்ல." சுவரை ஒட்டிக்கொண்டு நழுவி வெளியே போய்விட்டான். சுத்தியலை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. படியில் அவன் தடதடவென்று இறங்குவது வெகுநேரம் கேட்டது.

கிட்-வாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நண்டைத் தொடாதது. பார்லியைத் தள்ளியது. மூலிகைத் தண்ணீரை ஊற்றிக் கொட்டியது. துரும்பைக்கூட நகட்ட வேண்டாம் என்று கும்பிட்டது. முழுகாமல் இருப்பவள் எதையெல்லாம் ஒதுக்குவாளோ அத்தனையும் ஒதுக்கியிருக்கிறாள். வேறு எந்த வீட்டில் என்றாலும் ஒரே நாளில் கிட்-வா கண்டுபிடித்திருப்பாள். தன் வீட்டில் அதைக் கோபம் என்று நினைத்தாள். மனசு முழுக்க அந்தப் பூச்சந்தைப் பெண் உட்கார்ந்திருந்தால் மருமகளின் வயிறு எங்கே கண்ணில் படும்?

"லாம்..." என்றாள்.

ஹோய்-லாம் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கிட்-வா அவள் காலடியில் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை மாசம்மா?"

"மூணு முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. காலைல ஸ்கேன். அதுக்குத்தான் அரை நாள் லீவு போட்டேன். இதயத் துடிப்பு கேட்டுது அத்தே. குதிரை ஓடறாப்ல கேட்டுது."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

ஹோய்-லாம் அவளையே பார்த்தாள். கிட்-வா தலையைக் குனிந்துகொண்டாள். போன தடவை மூன்று மாதம் முடிவதற்குள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று தெரிந்தும், சந்தோஷம் தாங்காமல் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். அடுத்த வாரமே அந்தக் கரு கலைந்தது. அன்றைக்கு ஹோய்-லாம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிட்-வாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னிக்குக் கருத்தேவதை எங்கன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள் கிட்-வா. கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பயந்தாள்.

"கட்டில்ல. காலைல பாத்துட்டுத்தான் உங்களைக் கும்பிட்டேன். தினமும் அந்த ஒரு வரியைத்தான் பாக்கறேன்."

கிட்-வா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுவீங்க என்று யிப் சொன்னது பலித்தது.

"தள்ளிடலாம்மா" என்றாள் திடீரென்று எழுந்து. "கட்டிலை இப்பவே இருந்த இடத்துக்கே..."

"தொடாதீங்க! அதுவும் நகட்டறதுதான்."

அதுவும் சரிதான். நகர்த்தியது குற்றம் என்றால் திருப்பி நகர்த்துவது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டு பெண்களும் கூடத்திலிருந்தபடியே அறையைப் பார்த்தார்கள். கட்டில் குறுக்கே கோணிக்கொண்டு கிடந்தது. கதவு ஒரு சக்கரத்தில் தொங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. பிள்ளை பிறக்கும்வரை இனி அந்த அறையில் ஒன்றையும் தொட முடியாது. இருந்த நிலையில் கண்ணாடி முன்னைவிட நன்றாகக் கட்டிலைப் பார்த்தது. வேறு சமயமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"வயித்தில வலி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"தண்ணி கொண்டாறட்டுமா?"

"அத்தே, உக்காருங்க." ஹோய்-லாமின் குரல் மாறியிருந்தது. "அந்தக் கண்ணாடி நாலு வருஷமா அங்கதான் இருக்கு. நீங்க திட்டுவீங்க, புலம்புவீங்க. ஒரு நாளும் கை வச்சதில்ல. நான் இல்லாத நேரத்தில தச்சனைக் கூட்டிட்டு வந்து கட்டிலை இழுத்துப் போட்டு எடுக்கற அளவுக்கு இன்னிக்கு என்ன அவசரம்?"

"யிப் ஐயாதான்... உனக்குச் சரியாத் தூக்கமில்லன்னு சொன்னேன். அதுக்குப் பரிகாரமா..."

"தூக்கத்துக்குன்னா துணி போட்டு மூடச் சொல்லுவாரு. எங்கம்மா வீட்லயும் மனை பாத்திருக்காங்க. கட்டிலுக்கு எதிர்ல இருக்கற கண்ணாடியை எதுக்குக் கழட்டச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

கிட்-வா அறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரு அவ?" என்றாள் ஹோய்-லாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மூன்று நாளாகப் பாடுபட்டிருக்கிறோம், கடைசியில் நாமே தச்சனை வைத்துச் சுத்தியலால் அடித்து ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது என்று கிட்-வாவுக்குப் புரிந்தது. அவள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அப்படி யாரும் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். சொல்லவும் ஆரம்பித்தாள்.

"பேரு தெரியாதும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

ஹோய்-லாம் கத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் இறங்கியது. துடைக்கவும் இல்லை. கிட்-வா பூச்சந்தையில் பார்த்ததைச் சொன்னாள். ஆரஞ்சைப் பற்றிச் சொல்லும்போது ஹோய்-லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாரை எடுத்துட்டா கொடுத்தா?"

"ஆமா."

"மாமாவோட டொங்குவான் கதை எனக்கும் தெரியும். அப்போ நீங்க என்ன கேட்டீங்க அத்தே?"

"நான் ஒண்ணும் கேக்கல. மாமியார் கண்ணாடியை எடுத்தாங்க. உங்க மாமா வந்துட்டாரு."

"கண்ணாடியாலயா வந்தாரு?"

"இல்ல" என்றாள் கிட்-வா. "அந்தப் பொம்பள வேற ஒருத்தனோட போயிட்டா. போக இடமில்லாம இங்க வந்தாரு. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கே சொல்லிக்கிட்டதில்ல."

ஹோய்-லாம் குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. குழந்தை விஷயம் அவருக்குத் தெரியக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

"அவன் தகப்பன்மா. தெரிஞ்சா மனசு மாறும். பிள்ளைன்னா எந்த ஆம்பளையும்..."

"அதனாலதான் சொல்றேன். குழந்தைக்காக அவர் இங்க நிக்க வேணாம். போக இடமில்லாமலும் நிக்க வேணாம். நிக்கறதா இருந்தா எனக்காக நிக்கட்டும். முதல்ல அது எனக்குத் தெரியணும். சத்தியம் பண்ணுங்க."

காலையில் பண்ணிய சத்தியமே பொய்யாகிப் போயிருந்தது. கிட்-வா தலையை மட்டும் அசைத்தாள்.

சாயங்காலம் அவள் மீன் அவித்தாள். ஹோய்-லாம் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். அலமாரிக் கதவு தானாகவே தண்டவாளத்திலிருந்து கழன்றுவிட்டது, எடுக்கப் பார்த்து முடியவில்லை, நாளைக்கு ஆள் வரும் என்று சொல்லிக்கொள்வதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். நல்ல பொய்தான். சுங்-யின் எதையும் துருவிக் கேட்கிறவனும் இல்லை.

அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தான். பையில் ஆறு ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். மேஜை மேல் வைத்தான். இரண்டு பெண்களும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். அவன் சட்டை மாற்ற அறைக்குள் போனான்.

"என்னம்மா இது, பூகம்பமா?"

"கதவு கழண்டுடுச்சுப்பா. நாளைக்கு ஆள் வருவான். நீ வந்து சாப்பிடு."

"கதவு கழண்டா கட்டில் ஏன் குறுக்கே நிக்குது? ராத்திரி எப்படிப் படுக்கறது?" அவன் சிரித்துக்கொண்டே குனிந்து கட்டில் சட்டத்தில் இரண்டு கைகளையும் வைத்தான். "ஒரு தள்ளு தள்ளினா..."

"தொடாதே!"

இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன. கிட்-வா அவித்த மீனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அறை வாசலுக்கு ஓடினாள். ஹோய்-லாம் அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

சுங்-யின் குனிந்தபடியே இருந்தான். முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவின் முகத்தை. அவனும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான். எந்த வீட்டில் கட்டிலைத் தொடக் கூடாது என்று கத்துவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். கைகளைக் கட்டிலிலிருந்து மெல்ல எடுத்தான்.

கிட்-வா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ இப்போது மலரும் என்று காத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றும், முதல் சம்பளம் கொண்டுவந்த அன்றும், போன தடவை செய்தி கேட்ட அன்றும் மலர்ந்த முகம். அது மலரவில்லை. திருடும்போது அகப்பட்டவன் முகம்போல் இருண்டது. பெற்ற பிள்ளையின் முகத்தில் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எத்தனை மாசம்?" என்று கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதை அப்புறம் சொல்றேன்" என்றாள் ஹோய்-லாம். "அவ பேரு என்ன?"

"எவ?"

ஹோய்-லாம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவனுக்கு நேரம் கொடுப்பவள்போல கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

சுங்-யின் அம்மாவைப் பார்த்தான். சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது பார்த்த அதே பார்வை. அப்போதெல்லாம் கிட்-வாதான் குறுக்கே பாய்ந்து, என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான், காற்றில் உடைந்திருக்கும் என்று சொல்லுவாள். சொல்வதற்கு ஏதாவது ஒரு காரணம் எப்போதும் அவளிடம் இருக்கும்.

"அம்மா, இவ என்னம்மா உளர்றா? நீ சொல்லேன்."

கிட்-வா நகர்ந்து மருமகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத்தான்டா கேக்கறா" என்றாள். "பதில் சொல்லு."